தண்டையார்பேட்டையில் பதினான்கு நாள்

முதல் நாள், ஞாயிறு

கிள்ளானிலிருந்து புறப்பட்டபோது என் பெட்டியில் நாற்பது வண்ணப் பென்சில் பெட்டிகளும் ஒரு நன்னடத்தைச் சான்றிதழும் இருந்தன. பென்சில்களைக் கொண்டுவரச் சொன்னது, வெளிநாட்டுத் தொண்டூழியப் பயணங்களை ஏற்பாடு செய்து தரும் எங்கள் ஊர் முகவர் நிலையம். சான்றிதழைக் கேட்டவர், நான் சேரவிருந்த குழந்தைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர் அம்மா. மலேசிய வெளியுறவு அமைச்சில் விண்ணப்பித்து அதை வாங்க அலைந்த நாள்களில் எனக்குச் சற்று மனத்தாங்கல் இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் குறைநீக்கல் ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவளிடம் இப்படியொரு தாள் எதற்கு என்று நினைத்தேன். பெண் குழந்தைகள் நாற்பது பேர் உறங்கும் வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஒருத்தியை விடுகிறவர் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதும், என்னிடம் பணம் வாங்கிய நிலையம் அதைக் கேட்காமல் விட்டதுதான் பிழை என்பதும் விமானத்தில் வரும்போதுதான் எனக்கு உறைத்தன.

சென்னை விமான நிலையத்தில் விம்கோ நகர் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கிவிடலாம். 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே நீட்டிக்கப்படும் முன்பு வந்திருந்தால் பேருந்தும் ஷேர் ஆட்டோவுமாக மாறி மாறி வந்திருப்பேன் என்றார் சித்தி. ஆடி மாதம் என்பதால் தெருமுனை அம்மன் கோவிலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். என் தாத்தா இங்கிருந்து நடக்கும் தூரத்திலுள்ள துறைமுகத்தில்தான் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்த அவரைக் கப்பலேறும் வயது வரும்வரை வளர்த்தவள் ராயபுரத்தில் இருந்த அவருடைய அத்தை. அந்த வீடு இருந்த தெரு எது என்று சித்திக்கும் தெரியவில்லை.

இரண்டாம் நாள்

காலை ஏழரை மணிக்கு இல்லத்தின் கதவைத் திறந்ததும், பள்ளிச் சீருடையில் இருந்த பத்துப் பதினைந்து பேர் ஓடிவந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமி, நான் நாற்காலியில் உட்கார்ந்த மறுகணம் என் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே வந்தேன் என்று தோன்றியது. அப்போது அவள் என் காதருகே மெதுவாகக் கேட்டாள்: "எப்ப போவ?"

குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு கண்காணிப்பாளர் அம்மா என்னைத் தம் அறைக்கு அழைத்தார். "டீச்சர், உங்களக் கட்டிப் புடிச்சாங்களே, அது உங்க மேல வந்த பாசம் இல்ல. நேத்து கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பியையும் அப்படித்தான் புடிச்சாங்க. சொந்த அம்மா கிட்ட வளர்ற ஆறு வயசுப் புள்ள, புது ஆளப் பார்த்தா அம்மா முந்தானைக்குப் பின்னால ஒளியும். அதுதான் ஆரோக்கியம்" என்றார். சொல்லும்போது அவர் குரலில் கடுமை இல்லை, அயர்ச்சி இருந்தது. பிறகு விதிகளைச் சொன்னார். குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. தனியாக எந்தக் குழந்தைக்கும் எதுவும் தரக் கூடாது. படுக்கை அறைக்குள் போகக் கூடாது. கைப்பேசியைக் கதவருகே உள்ள பெட்டியில் வைத்துவிட வேண்டும். நான் கிளம்பும் நாளை இன்றே கூடத்து நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, மாலையில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் குறிப்புகளிலும் இல்லத்தின் பெயரோ குழந்தைகளின் பெயரோ படமோ வராது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகிய எதையும் ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தண்டனைக்கு அஞ்சி இதை நான் எழுதவில்லை. என் மகனின் பத்தாவது பிறந்தநாளைக் கிள்ளானில் ஓர் இல்லத்தில் கொண்டாடியபோது, கேக்கின் பின்னால் வரிசையாக நிற்க வைத்து எடுத்த படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதில் நிற்கும் பதினெட்டுக் குழந்தைகளில் ஒருவரிடமும் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாலையில் நாள்காட்டியில் வட்டமிட்டேன். மடியில் ஏறிய சிறுமி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "பன்னெண்டு" என்றாள்.

நான்காம் நாள்

இன்று இரவு உணவு ஒரு குடும்பத்தின் உபயம். அவர்கள் வீட்டுப் பெரியவரின் நினைவு நாள். சாம்பார், அப்பளம், பாயசம் என்று எல்லாம் வயிறு நிறையக் கொடுத்தார்கள், அன்போடுதான் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் ஏழரை மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்பது மணிக்கு வந்ததால், பசியோடு காத்திருந்த சின்னக் குழந்தைகள் பாயிலேயே தூங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்பிக் கை கழுவ வைத்து, வரிசையில் உட்கார்த்தி, முகம் தெரியாத ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை செய்ய வைத்தார்கள்.

உணவுப் பதிவேட்டைக் கண்காணிப்பாளர் அம்மா காட்டினார். சித்திரை முதல் நாளுக்கும் தீபாவளிக்கும் ஆறேழு பேர் போட்டியிடுகிறார்கள். புரட்டாசி வாரநாள்களில் பக்கம் பக்கமாகக் காலியாக இருக்கிறது. இரவுக் காவலுக்கு இன்னொரு பெண்மணியை நியமிக்க ஆறு மாதமாக அவர் ஒருவரிடமும் பணம் பெற முடியவில்லை. பிரியாணிக்குக் கிடைக்கும் பணம் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. பிரியாணி போடுகிறவர் அதைத் தம் கையால் பரிமாறிப் பார்க்கலாம். இரவு ஒரு மணிக்கு அழும் குழந்தைக்கு ஆயாம்மா தண்ணீர் கொடுப்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஏழாம் நாள்

வெளிநாட்டிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் பன்னிரண்டு பேர் காலை பத்து மணிக்கு வந்து ஒன்றரை மணிக்குப் போனார்கள். கண்காணிப்பாளர் அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாராம். இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் மேலிடம் ஒப்புக்கொண்டுவிட்டது. அவர்கள் நல்ல பிள்ளைகள். முகத்தில் பூ வரைந்தார்கள், ஆடினார்கள், பலூன் ஊதிக் கொடுத்தார்கள். போகும்போது அழுதார்கள். ஒரு பெண் மட்டும், எல்லோரும் பேருந்தில் ஏறிய பிறகும் இறங்கி ஓடிவந்து, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு திரும்ப வருவேன் என்று தன் மொழியில் சொல்லிவிட்டுப் போனாள். சிறுமிக்கு மொழி புரியவில்லை. ஆனால் மூன்று மணி வரை கதவருகிலேயே நின்றிருந்தாள்.

மாலையில் இரண்டு சண்டைகள். ஒருத்தி மற்றொருத்தியின் பலூனை உடைத்ததில் தொடங்கி, தலைமுடியைப் பிடித்து இழுத்து, கீறி, அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இரவில் மூன்று பாய்கள் நனைந்ததாக மறுநாள் ஆயாம்மா சொன்னார். பதினாறு ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறார், கொருக்குப்பேட்டையிலிருந்து நடந்தே வருகிறார். "வந்தவங்களுக்கு அரை நாளு டீச்சர், எனக்கு ராத்திரி பூரா" என்றார். குழந்தைகள் அவரைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்வதில்லை என்பதை நான் முதல் நாளிலிருந்தே பார்க்கிறேன். அவரிடம் சிணுங்குகிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள், கொடுத்த இட்லி போதாதென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். நாளைக்கும் அவர் இருப்பார் என்ற உறுதி உள்ளவர்களால்தான் அப்படிக் கோபித்துக்கொள்ள முடியும்.

ஆசிரியப் பயிற்சியில் படித்த பிரிட்டிஷ் உளமருத்துவர் ஜான் போல்பியை இரவில் நினைத்துக்கொண்டேன். 1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அவர் எழுதிய அறிக்கை, குழந்தைக்குச் சோற்றைப் போலவே மாறாத ஒருவரின் அரவணைப்பும் தேவை என்று வாதிட்டது. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அதை எண்களில் காட்டியது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய அறிவு வளர்ச்சியும், வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பும், காப்பகத்திலேயே தங்கியவர்களைவிடத் தேறின. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள் மிக அதிகம் தேறினார்கள். இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நான், ஓராண்டு சேமித்த பணத்தைக் கொடுத்து, இந்தக் குழந்தைகளின் வாழ்க்கையில் வந்து போகும் இன்னொரு முகமாகச் சேர்ந்திருக்கிறேன்.

எட்டாம் நாள், ஞாயிறு

மாதத்தின் இந்த ஞாயிற்றுக்கிழமை உறவினர் வரும் நாள். நான் அனாதைக் குழந்தைகளுக்குத் தொண்டு செய்ய வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். காலை பதினோரு மணிக்கு இல்லத்தின் வாசலில் இருபத்தாறு தாய்மார்கள் நின்றார்கள்.

தூக்குகளில் ஆடிக் கூழ் வந்தது, கருவாட்டுக் குழம்பு வந்தது, வறுத்த நெத்திலி செய்தித்தாளில் மடித்து வந்தது. மாடிப்படியில், கைப்பிடிச் சுவரில், வேப்பமரத்தடியில் என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். என் மடியில் ஏறிய சிறுமி அன்று முழுவதும் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அவள் தாய்க்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. காசிமேட்டில் மீன் கூடை சுமப்பதும் ஏலம் முடிந்த பின் இறால் உரிப்பதும் அவர் வேலை. கணவர் கடலுக்குப் போய் வந்தவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் நோயில் இறந்துவிட்டார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு நான் கெளம்பணும் டீச்சர். பொம்பளப் புள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டா போக முடியும்? இங்க சோறு இருக்குது, ஸ்கூலு இருக்குது, கதவுக்குக் காவலு இருக்குது" என்றார். வேறு யார் வீட்டிலும் விட முடியாதா என்று கேட்டேன். "பின் சந்துல நாத்தனா இருக்குது. வுட்டா பாத்துக்கும். அதுக்கும் மூணு புள்ள. என் புள்ள சோத்துக்கு நான் குடுக்கணும்ல?"

மகளுக்கு வேண்டியிருந்தது ஓர் அத்தை வீட்டுப் பாயும் ஒரு வயிற்றுச் சோறும். என் தாத்தாவுக்கு அவை கிடைத்தன.

இது இந்த ஓர் இல்லத்தின் கதை மட்டுமன்று. உலகெங்கும் காப்பகங்களில் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமையே அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. கம்போடியாவிலும் நேபாளத்திலும் நிலைமை இதைவிட மோசமாயிற்று. வெளிநாட்டுப் பயணிகளும் தொண்டர்களும் மிகுதியாக வரும் ஊர்களிலேயே இல்லங்கள் பெருகின. அவர்கள் தரும் பணத்துக்காகவே, படிக்க வைக்கிறோம் என்று சொல்லி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமை முறைச் சட்டத்தை இயற்றிய காலத்தில் இந்த வழக்கத்தையும் ஆள்கடத்தலாகக் கருதி விவாதித்தது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009-இல், குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதற்கு வறுமை மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்ற நெறிமுறையை வரவேற்றது. 2019-இல், காப்பகங்களை நாடிப் போகும் இத்தகைய தொண்டுச் சுற்றுலாவால் குழந்தைகளுக்கு வரும் கேட்டைத் தடுக்குமாறும் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நான் பணம் கட்டியது அதற்குப் பிறகுதான்.

ஒன்பதாம் நாள்

இன்று குழந்தைகள் யாரையும் நான் பார்க்கவில்லை. கண்காணிப்பாளர் அம்மாவிடம் போய், வகுப்பு எடுப்பதற்கு முன் வேறு ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் என்றேன். அவர் ஒரு கட்டுத் தாள்களைக் கொடுத்தார்.

மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில், கணவனை இழந்த தாயின் குழந்தை குடும்பத்திலேயே வளர்வதற்காக மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நகரப் பகுதியில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டமே சொல்வதால், இல்லத்தில் இருக்கும் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதற்கும் இந்தத் தொகையைக் கேட்கலாம். ஆனால் காசிமேட்டில் இரவு இரண்டு மணிக்கு வேலைக்குப் போய்க் காலை பத்து மணிக்குத் திரும்பும் பெண், எந்த நேரத்தில் வருமானச் சான்றிதழ் வாங்குவார்? கணவரின் இறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால் யாரிடம் போய்த் திருத்துவார்? இந்த இல்லத்தின் ஒரே சமூகப் பணியாளரிடம் இத்தகைய பதினொரு விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. பகல் முழுவதும் அவர் குழந்தைகளை மருத்துவமனைக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன்னும் அழைத்துப் போய்க்கொண்டிருப்பதால் அவற்றைத் தொட நேரம் கிடைப்பதில்லை.

காலையிலிருந்து மாலை வரை அந்தச் சிறுமியின் தாயோடு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதற்காக இரண்டு முறை திரும்பி வர வேண்டியிருந்தது. காத்திருந்தபோது மனம் தானாகவே கணக்குப் போட்டது. முகவர் நிலையத்துக்கு நான் கட்டியது 3,500 ரிங்கிட், ஏறத்தாழ 70,000 ரூபாய். மாதம் 4,000 என்றால் பதினேழு மாதங்களுக்குப் போதும். விமானக் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. அந்தப் பணத்தில் இந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கண்காணிப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். ஒரு ரூபாயும் இல்லை.

பத்தாம் நாள்

மாலை வகுப்பு எடுக்க வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். பட்டப்படிப்பு இறுதி ஆண்டு மாணவி. குழந்தைகள் அவளை "மிஸ்" என்கிறார்கள். நான் வந்ததிலிருந்து அவள் இடத்தைப் பிடித்துக்கொண்டு நானே பாடம் நடத்தியிருக்கிறேன், அவள் ஓரமாக நின்றிருக்கிறாள். அது தவறென்று இப்போது தெரிகிறது. இன்று அவளைக் கரும்பலகைக்கு முன் நிறுத்திவிட்டு நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

நான்காம் வகுப்பு படிக்கும் ஐந்து பேருக்கு இன்னும் எழுத்துக்கூட்டத்தான் வருகிறது. வீட்டுக்கும் ஊருக்கும் இல்லத்துக்குமாக மாறியதில், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் வகுப்புகளும் அவர்களுக்குத் துண்டு துண்டாகவே கிடைத்திருக்கின்றன. குறைநீக்கல் வகுப்பில் நான் கற்ற ஒரு வழி, குழந்தையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லிலிருந்து தொடங்குவது. இவர்கள் வாயில் இருப்பவை மீன்கள். நாங்கள் இருவரும் இரவு உட்கார்ந்து அட்டைகள் வெட்டினோம். சங்கராவில் ஙகரமும் ககரமும், வஞ்சிரத்தில் ஞகரமும் சகரமும் இணைந்து வருகின்றன. மெல்லினமும் அதன் இனமான வல்லினமும் சேரும் இடத்தில்தான் இந்தக் குழந்தைகள் திணறுகிறார்கள். நெத்திலி, தகரம் இரட்டிப்பதைக் கற்றுத்தருகிறது. காரப்பொடியில் பகரம் இரட்டிக்கிறது. மிஸ் ஒவ்வோர் அட்டையையும் காட்டக் காட்ட, எழுத்து முடியும் முன்பே கத்திவிடுகிறார்கள். வஞ்சிரம் என்ன விலை என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி மறுக்க, வகுப்பு மீன் சந்தையாயிற்று. ஏழு மணிக்கு மேலும் யாரும் எழுந்து போகவில்லை.

பன்னிரண்டாம் நாள்

மூத்த பெண்கள் இரவில் கேரம் ஆடுகிறார்கள். புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற பிறகு, பலகைக்கு வரிசை நீண்டுவிட்டதாம்.

அவர்களில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஆட்டத்தை விட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு உண்மையிலேயே யாரும் இல்லை. ஐந்து வயதில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டவள். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், படிவம் நிரப்பத் தெரியுமா என்று கேட்டாள். சேர்ந்து உட்கார்ந்து நிரப்பினோம். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் நின்றுவிட்டாள். அடுத்த மார்ச்சில் பதினெட்டு முடிகிறது, அதன் பின் இந்த முகவரி அவளுடையதன்று. சட்டத்தின் 46-ஆம் பிரிவு பதினெட்டு வயதுக்குப் பின்னும் தொடர் பராமரிப்புக்காகப் பண உதவிக்கு வழி செய்கிறது, கண்காணிப்பாளர் அம்மா அதற்கு எழுதியிருக்கிறார். ஆனால் கட்டத்தில் எழுத ஒரு தெருவும் கதவு எண்ணும் வேண்டும். அவள் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கொருக்குப்பேட்டையில் உள்ள ஆயாம்மாவின் வீட்டு முகவரியை எழுதினாள். ஆயாம்மாவிடம் கேட்க வேண்டாமா என்றேன். "அது எப்பவோ சொல்லிச்சு, போட்டுக்கோன்னு" என்றாள்.

பதினான்காம் நாள், சனி

பென்சில் பெட்டிகளைக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் ஒப்படைத்தேன். பள்ளித் திறப்புக்குப் பொதுவில் கொடுத்துக்கொள்வார். மீன்காரத் தாயின் விண்ணப்பத்துக்கு நேற்று ஒப்புகைச் சீட்டு கிடைத்துவிட்டது. முடிவாக எத்தனை மாதம் ஆகுமோ, அதுவரை நாத்தனார் வீட்டுச் சோற்றுச் செலவை இல்லத்தின் வழியாக நான் அனுப்புவது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மீதிப் பத்து விண்ணப்பங்களில் நான்கைத்தான் முடிக்க முடிந்தது. இரவுக் காவல் பெண்மணியின் சம்பளத்துக்கு, என் மகனின் பிறந்தநாளை ஒட்டி, ஆண்டுதோறும் ஒரு பங்கு கொடுப்பதாக அறக்கட்டளையிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆண்டு நான் வரப்போவதில்லை. அதையும் இன்றே குழந்தைகளிடம் சொன்னேன். மூத்தவர்கள் தலையாட்டினார்கள். சின்னவர்களில் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், நான் தேற்றப் போகவில்லை, ஆயாம்மா போனார்.

பத்து மணிக்கு வகுப்பு தொடங்கியது. கதவருகே நின்று சற்று நேரம் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்திருந்த அட்டைகளில் ஒன்றில் "கணவாய்" என்று இருந்தது. அந்தக் கடலுயிரை எங்கள் ஊரில் மலாய்ச் சொல்லால் சூத்தோங் என்போம், புத்தகத்தில் கணவாய் என்று படித்ததால் அப்படியே எழுதியிருந்தேன். மிஸ் அதைக் கையில் எடுத்து, இதை யாராவது வீட்டில் இப்படிச் சொல்வீர்களா என்று கேட்டாள். யாரும் சொல்வதில்லை. அவள் என் எழுத்தின் மேல் கோடு கிழித்து, பின்பக்கத்தில் பெரிதாகக் "கடம்பா" என்று எழுதிக் காட்டினாள். மடியில் ஏறிய சிறுமி முதல் ஆளாக எழுந்து, மகரத்தில் தடுக்கி, மறுபடி தொடங்கி, படித்து முடித்தாள்.